டிராம் ஓட்டியின் மனத்தை அளந்தவர்

தெருவில் ஒரு விபத்து நேர்ந்தால் உடனே கூட்டம் கூடிவிடுகிறது. யார் மேல் குற்றம் என்பதுதான் கூடியவர்கள் கேட்கும் முதற் கேள்வி. ஓட்டியை வண்டியிலிருந்து இழுப்பார்கள். இரண்டு அடியும் வைப்பார்கள். பிறகு போலீஸ் வரும், வழக்கு எழுதப்படும். விபத்துக்கு முந்திய இரண்டு மூன்று விநாடிகளில் அந்த ஓட்டியின் மனத்துக்குள் என்ன நடந்தது என்று கேட்பார் எவருமில்லை. குறுக்கே வந்த குழந்தையை அவன் பார்க்கவே இல்லையா? பார்த்தும் அவன் கவனம் வேறொன்றில் இருந்ததா? கவனித்திருந்தும், குழந்தை பாதைக்கு வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டானா? கண்ணின் பிழை வேறு. கவனத்தின் பிழை வேறு. கணிப்பின் பிழை வேறு.

இவற்றைப் பிரித்து அறிய முற்படும் துறைக்குப் போக்குவரத்து மனோதத்துவம் என்று பெயர். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இத்தனை உயிர் போகும் நாட்டில், இப்படி ஒரு படிப்பு உண்டு என்பதே நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. பொறியியல் பயில்வோர் சாலையைப் பற்றி அறிவர்; மருத்துவம் பயில்வோர் முறிந்த எலும்பைப் பற்றி அறிவர். சாலைக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மனம் இருக்கிறதே, அதைப் பற்றி யார் படிப்பது? நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கேட்டு, சில அட்டைகளையும் ஒரு கைப்பிடியையும் வைத்துக்கொண்டு விடை தேடிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க். அவருடைய வாழ்க்கையும் ஓர் அட்டைப் பரிசோதனை போலவே சிக்கல் நிறைந்தது.

பால்டிக் கடலோரத்தில் டான்ஸிக் என்றொரு துறைமுகப் பட்டினம் இருந்தது. அன்று அது பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது. இன்று கடான்ஸ்க் என்ற பெயரில் போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு யூத வணிகர் குடும்பத்தில் 1863-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மூன்ஸ்டர்பெர்க் பிறந்தார். தாய் ஓவியம் தீட்டுபவர். அவர் இறந்தபோது பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. 1880-இல் தந்தையும் போனார். வீட்டில் கலையும் இசையும் நிறைந்திருந்தன. இவரும் செல்லோ வாசித்தார். புனைபெயரில் கவிதைகள்கூட வெளியிட்டார். பின்னாளில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார்.

மருத்துவம் படிக்கத்தான் 1882-இல் லைப்ஸிக் நகருக்குப் போனார். அந்நகரில்தான் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் உலகின் முதல் மனோதத்துவ ஆய்வுக்கூடத்தை நிறுவியிருந்தார். வுண்டின் விரிவுரைகளைக் கேட்ட இளைஞருக்கு மருத்துவத்தின் மேலிருந்த பற்றுத் தளர்ந்தது. ஆயினும் அதை அவர் விட்டுவிடவில்லை. 1885-இல் வுண்டிடம் டாக்டர் பட்டம். 1887-இல் ஹைடல்பர்க்கில் மருத்துவப் பட்டம். அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. மனைவி பெயர் செல்மா.

குருவுக்கும் சீடருக்கும் ஒத்துப்போகவில்லை. மனிதன் ஒரு செயலை விரும்பிச் செய்கிறான் என்றால், அந்த விருப்பம் மனத்தில் தனியே நிற்கும் ஒரு சக்தியா, அல்லது தசைகளிலும் உடலிலும் எழும் உணர்ச்சிகளை நாம் அப்படி அழைக்கிறோமா? தனிச் சக்தி என்ற பக்கம் வுண்ட் நின்றார். உடலுணர்ச்சி என்ற பக்கம் மாணவர் நின்றார். இந்தக் கருத்தை 1888-இல் ஒரு நூலாகவே அவர் வெளியிட்டார். வுண்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் ஒருவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ்.

அப்போது மூன்ஸ்டர்பெர்க் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது. பணம் கேட்டாலும் கிடைக்கக்கூடிய நிலை இல்லை. தம் வீட்டு அறைகளிலேயே சொந்தச் செலவில் கருவிகளை அமைத்து மாணவர்களை அழைத்தார். 1889-இல் பாரிஸ் மாநாட்டில் ஜேம்ஸைச் சந்தித்தார். 1892-இல் ஹார்வர்டு ஆய்வுக்கூடத்தை மூன்றாண்டு நடத்தித் தரும்படி அழைப்பு வந்தது. வயது இருபத்தொன்பது. போனார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆகையால் தொடக்கத்தில் மேடைப் பக்கம் போகாமல் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருந்து வேலை செய்தார். ஹௌரா நிலையத்தில் வங்காளி ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்கிய நமக்கு அவருடைய நிலைமை நன்றாகப் புரியும். ஆனால் சில ஆண்டுகளில், அமெரிக்கப் பத்திரிகைகளில் அவரைப் போல் சரளமாக எழுதிய பேராசிரியர்கள் வெகு சிலரே என்னும் அளவுக்கு ஆங்கிலத்தைக் கைவசப்படுத்திக்கொண்டார். 1895-இல் ஜெர்மனிக்குத் திரும்பினார்; அங்கே தக்க இடம் அமையவில்லை; 1897-இல் மீண்டும் ஹார்வர்டுக்கே வந்துவிட்டார். மறு ஆண்டே அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் தலைவரானார். கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை மட்டும் பெறவில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி டிராம் கதைக்கு வருவோம்.

அக்காலத்து அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம், குதிரை வண்டி, புதிதாக வந்த மோட்டார், நடந்து போவோர் எல்லோரும் ஒரே தெருவில் கலந்து சென்றனர். விபத்துகள் மலிந்தன. சில டிராம் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு 50,000 வரை நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் வந்தன என்று மூன்ஸ்டர்பெர்க் எழுதியிருக்கிறார். தொழிலாளர் சட்டத்துக்கான அமெரிக்கச் சங்கம் இதைப் பற்றி ஆராய ஒரு கூட்டம் கூட்டிற்று. அதையொட்டி, 1912 அளவில், இந்தப் பிரச்சினை ஹார்வர்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதுவரை டிரைவர்களைச் சோதித்தவர்கள் கண்ணைச் சோதித்தார்கள், காதைச் சோதித்தார்கள். இன்னும் சற்று முன்னே சென்றவர்கள், ஒரு மணி அடித்தால் எத்தனை வேகத்தில் கை அசைகிறது என்று அளந்தார்கள். இவை போதா என்று மூன்ஸ்டர்பெர்க் கண்டார். கை விரைவாக அசைவது நல்லதுதான். ஆனால் எதைக் கண்டு அசைய வேண்டும் என்று தெரியாத கை எத்தனை விரைவாக அசைந்து என்ன பயன்? டிராம் ஓட்டியின் எதிரே தெரு முழுவதும் அசைந்துகொண்டிருக்கிறது. அதில் முக்கால்வாசி அவருக்குச் சம்பந்தமில்லாதது. தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறவன் எத்தனை அருகில் போனாலும் ஆபத்தில்லை. தொலைவில் இருந்தாலும் குறுக்கே விரைந்து வருபவனால் ஆபத்து. ஒவ்வொன்றின் திசையும் வேகமும் கணந்தோறும் மாறும். அத்தனையையும் ஒருசேரக் கவனித்து, வேண்டாததைத் தள்ளி, அடுத்த கணத்தில் எது தண்டவாளத்தில் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே காண்பதுதான் அந்தத் தொழில். ஆகவே அளக்க வேண்டியது அந்தக் கவனத்தைத்தான் என்று அவர் முடிவு செய்தார்.

எப்படி அளப்பது? ஒரு பொம்மைத் தெருவையும் பொம்மை டிராமையும் செய்து ஓட்டச் சொல்லலாம் என்று நமக்குத் தோன்றும். அவர் அந்த வழியை ஒதுக்கினார். பொருளைச் சிறிதாக்கினால் அது விளையாட்டாகிவிடும். அதைப் பார்க்கும் மனம் உண்மைத் தெருவில் இயங்குவதுபோல் இயங்காது. வெளித்தோற்றம் ஒத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே மனம் செய்யும் வேலை ஒத்திருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. என் கருத்தில் அவர் வாழ்நாளில் செய்த சிறந்த காரியம் இந்த ஒரு முடிவுதான். கோடிக்கணக்கில் செலவழித்து ஓட்டுநர் பயிற்சி யந்திரங்கள் செய்யும் இக்காலத்திலும், கண்ணாடிக்கு வெளியே மரம் மரம் போலவே தெரிய வேண்டுமே என்று மெனக்கெடுகிறவர்கள், மனம் அதே வேலையைச் செய்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அவர் செய்த அட்டையை நாமே கட்டம் போட்ட கணக்கு நோட்டில் வரைந்து பார்க்கலாம். அகலத்தில் ஒன்பது கட்டங்கள், நீளத்தில் இருபத்தாறு. நடுவே நீளவாக்கில் ஓடும் ஒரு வரிசைக் கட்டங்கள்தாம் தண்டவாளம்; அதன் இருபத்தாறு கட்டங்களிலும் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் வரிசையாக நிற்கும். இரு புறமும் நான்கு நான்கு கட்டங்கள்: அதுதான் தெரு. தெருவில் ஆங்காங்கே 1, 2, 3 என்ற எண்கள் சிதறிக் கிடக்கும். 1 என்பது நடந்து போகிறவர். ஒரு நேரத்தில் ஒரு கட்டம் நகர்வார். 2 என்பது குதிரை வண்டி, இரண்டு கட்டம். 3 என்பது மோட்டார், மூன்று கட்டம். எண் கறுப்பாக இருந்தால் தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறது, அதனால் தொல்லையில்லை. சிவப்பாக இருந்தால் தண்டவாளத்தை நோக்கிக் குறுக்கே வருகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து இரண்டாம் கட்டத்தில் சிவப்பு 2 இருந்தால் அது நேரே தண்டவாளத்தின் மேல் வந்து நிற்கும்: ஆபத்து. அதே இடத்தில் சிவப்பு 3 இருந்தால் தண்டவாளத்தைக் கடந்து அப்பால் போய்விடும்: ஆபத்தில்லை. மூன்றாம் கட்டத்தில் சிவப்பு 1 இருந்தால் இன்னும் வந்து சேரவில்லை. கறுப்பு 1 தண்டவாளத்தை ஒட்டியே இருந்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அட்டை ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒரு சிறு ஜன்னல் வழியே அதன் ஒரு பகுதி மட்டும் தெரியும். சோதிக்கப்படுபவர் தாமே ஒரு கைப்பிடியைச் சுழற்றி ஜன்னலை நகர்த்த வேண்டும். விரைவாகச் சுழற்றலாம், மெதுவாகவும் சுழற்றலாம்; அது அவர் விருப்பம், டிராமின் வேகம் ஓட்டியின் கையில் இருப்பது போல. சுழற்றிக்கொண்டே, ஆபத்து வந்து விழும் கட்டத்தின் எழுத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இப்படிப் பன்னிரண்டு அட்டைகள். எத்தனை விநாடி ஆயிற்று, எத்தனை ஆபத்துகளைத் தவறவிட்டார் என்று இரண்டையும் குறிப்பார்கள். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி தண்டனையாகக் கூட்டப்படும்.

என் விடுதி நண்பர்கள் நால்வரை இந்த அட்டையில் உட்கார வைத்துப் பார்த்தேன். வேகமாகச் சுழற்றியவர் சிவப்பு எண்களைக் கோட்டை விட்டார். மிக எச்சரிக்கையான ஒருவர் கறுப்பு எண்ணைக் கண்டும் கூவினார். கண்டதற்கெல்லாம் பிரேக் போடும் டிரைவர் அவர். ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது இதில் ஒன்றுமில்லை. ஆனால் விளையாட்டாகத் தொடங்கியவர்கள் ஐந்தாவது அட்டைக்குள் வியர்த்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பாஸ்டன் டிராம் கம்பெனி தன் ஓட்டிகளை அனுப்பிற்று. நெடுங்காலம் விபத்தின்றி ஓட்டிப் பெயர் பெற்றவர்கள் சிலர், விபத்துக்கு மேல் விபத்தாகி வேலை போகும் நிலையில் இருந்தவர்கள் சிலர், நடுத்தரமானவர்கள் சிலர். அட்டையில் கிடைத்த மதிப்பெண்ணும் கம்பெனி ஏட்டிலிருந்த பெயரும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இன்னொரு செய்தி அவருக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது. வண்டியில் நிற்கும்போது தங்களுக்குள் என்ன நேருமோ அதேதான் இந்தக் கைப்பிடியைச் சுழற்றும்போதும் நேர்ந்ததாக ஓட்டிகளே சொன்னார்களாம். அட்டையில் டிராமும் இல்லை, தெருவும் இல்லை, இருந்தவை எண்கள்தாம்.

இதை இன்றைய விஞ்ஞான மாணவர் கண்ணால் பார்த்தால் குறை சொல்ல இடம் நிறைய உண்டு. சோதிக்கப்பட்டவர் தொகை சிறிது. இருபது ஆண்டு ஓட்டியவர் அட்டையிலும் வென்றால், அது பிறவித் திறமையா, பழக்கத்தால் வந்ததா? அட்டை பிரித்துச் சொல்லாது. இரவுப் பணியின் களைப்பும், கம்பெனி விதித்த நேர அட்டவணையின் நெருக்கடியும் அட்டையில் இல்லை. ஆனாலும் அவருக்கு முன்னால் இவ்வளவு தெளிவாக எவரும் கேள்வியைக்கூட வகுக்கவில்லை. பாரிஸ் நகரில் லாகி என்பவர் அதே காலத்தில் டிராம் ஓட்டிகளைச் சோதித்து வந்தார். இருவரையும் சேர்த்தே இத்துறையின் முன்னோடிகள் எனலாம்.

டிராம் ஓட்டிகளைச் சோதித்த அதே காலத்தில் டெலிபோன் பெண்களையும் அவர் சோதித்தார். புதிதாகச் சேர்ந்த சுமார் முப்பது பெண்களுக்கு எண்களை நினைவில் வைத்தல், பத்திரிகைப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் தேடி அடித்தல் முதலிய பரிசோதனைகள் நடந்தன. கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பேராசிரியருக்குத் தெரியாமல், தங்களிடம் ஏற்கெனவே நல்ல பெயர் வாங்கிய சிலரையும் அந்தக் கூட்டத்தில் கலந்து அனுப்பினார்கள். அவர்கள் பட்டியலில் முன்னணியில் வந்தார்கள். பரிசோதகரையே பரிசோதித்த கதை இது. இவையெல்லாம் 1912-இல் ஜெர்மன் மொழியிலும், 1913-இல் ஆங்கிலத்திலும் அவர் வெளியிட்ட தொழில் மனோதத்துவ நூலில் உள்ளன.

அவரிடம் குறையே இல்லையா என்றால், உண்டு. அவசரம் பெருங்குறை. நீதிமன்றத்தில் சாட்சிகளின் நினைவு எவ்வளவு தவறக்கூடியது என்று 1908-இல் ஒரு நூல் எழுதினார். நல்ல நூல். ஆனால் மனோதத்துவம் இதற்கெல்லாம் ஏற்கெனவே மருந்து கண்டுவிட்டதுபோலவும், வக்கீல்கள்தாம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதுபோலவும் பேசினார். விக்மோர் என்ற சட்டப் பேராசிரியர் 1909-இல், மூன்ஸ்டர்பெர்க் மேல் வழக்குத் தொடுக்கப்பட்டதாகவே ஒரு கற்பனை வழக்கை எழுதிச் சிரிக்க வைத்துவிட்டார். பெண்கள் விஷயத்தில் அவர் போக்கு இன்னும் விசித்திரம். மேரி கால்கின்ஸ் என்ற மாணவிக்கு டாக்டர் பட்டம் வழங்க வேண்டுமென்று ஹார்வர்டு அதிகாரிகளிடம் வாதாடியவர் அவர். பெண் என்ற காரணத்தால் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. அந்த அம்மையார்தாம் 1905-இல் மனோதத்துவச் சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். இப்படி வாதாடியவரே, 1914-இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு சிறு பரிசோதனையை வைத்துக்கொண்டு, பெண்கள் ஜூரியாக அமரத் தகுதியற்றவர்கள் என்று எழுதினார். டிராம் ஓட்டிகளிடம் காட்டிய பொறுமையில் பாதியை இங்கே காட்டியிருக்கலாம்.

சினிமா ரசிகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் படக் கொட்டகைக்குப் போவது கௌரவக் குறைவு என்று எண்ணியிருந்த அவர், கடைசிக் காலத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொக்கிப்போனார். பிறகு படமாகப் பார்த்துத் தள்ளினார். 1916-இல் திரைப்படத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. முகத்தையோ கையையோ மட்டும் அருகில் பெரிதாக்கிக் காட்டும் காட்சி, நம் கவனம் மனத்துக்குள் செய்யும் வேலையைத் திரையில் செய்கிறது என்பது அதில் வரும் ஒரு கருத்து. டிராம் அட்டையைச் செய்தவருக்குத்தான் அது எளிதில் தோன்றும்.

1914 ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. அமெரிக்காவில் இருந்துகொண்டே ஜெர்மனியின் பக்கம் நியாயம் இருக்கிறதென்று அவர் எழுதினார், பேசினார். இரு நாடுகளுக்கும் பாலமாக இருக்கிறோம் என்பது பல்லாண்டாக அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம். ரூஸ்வெல்ட், டாஃப்ட் போன்ற குடியரசுத் தலைவர்களை அறிந்தவர். ஜெர்மன் சக்கரவர்த்தியையும் சந்தித்தவர். ஆகவே தம் சொல் எடுபடும் என்று நம்பினார். ஆனால் ஊர் அவரை ஒற்றன் என்றது. பழைய நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லண்டனில் இருந்த ஹார்வர்டின் பழைய மாணவர் ஒருவர், இந்த மனிதரை வேலையிலிருந்து நீக்காவிட்டால் தாம் எழுதிவைக்கவிருந்த ஒரு கோடி டாலரைக் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அதில் பாதியை உடனே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டால் நானே விலகிக்கொள்கிறேன் என்று மூன்ஸ்டர்பெர்க் பதிலளித்தார்! பல்கலைக்கழகம் அவரை நீக்க மறுத்தது. பணத்துக்காக ஒரு பேராசிரியரின் நாவைக் கட்ட மாட்டோம் என்ற நிலையை அன்று அது எடுத்ததை அவருடைய எதிரிகளும் மதிக்க வேண்டியிருந்தது.

எதிரே எது எந்த வேகத்தில் வருகிறது என்று கணிப்பதையே ஆராய்ச்சியாகக் கொண்டவர், தம் எதிரே வந்துகொண்டிருந்த வெறுப்பின் வேகத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அல்லது கணித்தும் தண்டவாளத்தை விட்டு இறங்க மறுத்தாரோ என்னவோ. 1916-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், கடுங்குளிரில் ராட்க்ளிஃப் மகளிர் கல்லூரிக்கு நடந்து சென்று, வழக்கம்போல் விரிவுரையைத் தொடங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. வயது 53. நான்கு மாதங்களில் அமெரிக்காவும் போரில் இறங்கிற்று. அவருடைய பெயரைச் சொல்லவே அமெரிக்க மனோதத்துவ உலகம் நெடுங்காலம் கூசியது. மகள் மார்கரெட் 1922-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

ஆள் மறைந்தாலும் கேள்வி மறையவில்லை. போர்க்காலத்திலேயே ஜெர்மனியில் மோய்டே என்பவரும் அவருடைய தோழரும் ராணுவ மோட்டார் டிரைவர்களைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஹாம்பர்க்கில் வில்லியம் ஸ்டெர்ன் டிராம் ஓட்ட வந்த பெண்களைப் பரிசோதித்தார். ஆண்கள் போர்க்களத்தில் இருந்தார்கள் அல்லவா? 1919-இல் இங்கிலாந்தில் கிரீன்வுட், வுட்ஸ் என்ற இருவர் தொழிற்சாலை விபத்துக் கணக்குகளை ஆராய்ந்து, சிலருக்கே மீண்டும் மீண்டும் விபத்து நேர்வதாகக் காட்டினர். விபத்துக்கு ஆளாகும் இயல்பு என்று ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே உண்டு, அவர்களைக் களைந்துவிட்டால் விபத்து ஒழியும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வளர்ந்தது. பிற்காலத்தவர் அதைத் துருவிப் பார்த்தபோது அது அவ்வளவாக நிலைக்கவில்லை. ஓராண்டில் விபத்துக்குள்ளானவர்களையெல்லாம் நீக்கினாலும் மறு ஆண்டு விபத்தின் தொகை பெரிதாகக் குறைவதில்லை. வேறு ஆட்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

பிறகு பார்வை ஆளிலிருந்து சாலைக்குத் திரும்பிற்று. 1938-இல் கிப்ஸன், குரூக்ஸ் என்ற அமெரிக்கர் இருவர், ஓட்டியின் முன்னே பாதுகாப்பாகச் செல்லக்கூடிய ஒரு வெளி கண்ணுக்குத் தெரியாத நாக்குப்போல் நீண்டும் சுருங்கியும் வருகிறது, ஓட்டுவதென்பது அந்த வெளிக்குள் வண்டியை வைத்திருப்பதுதான் என்று எழுதினர். கிப்ஸனின் ஆசிரியர் ஹோல்ட். அந்த ஹோல்ட் ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் பணி செய்தவர். ஒன்பது கட்ட அட்டைக்கும் இந்த வெளிக்கும் உள்ள உறவை வாசகர்களே ஊகிக்கலாம். மனம் பிழை செய்யும் இடம் எது என்று தெரிந்துகொண்டு, அங்கே பிழை செய்தாலும் உயிர் போகாதபடி சாலையை அமைப்பது எப்படி என்பதே இன்று இத்துறையினர் கேட்கும் கேள்வி. சாலை வளைவு எவ்வளவு முன்னால் தெரிய வேண்டும், பலகையில் எத்தனை சொற்கள் இருக்கலாம், பாதசாரி எவ்வளவு நேரம் பொறுமையாக நிற்பார் என்பனவெல்லாம் மனோதத்துவக் கேள்விகளே.

மாலையில் ராஜாபஜார் முனையில் நின்று பாருங்கள். பஸ் கண்டக்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியின் தகரத்தைப் படபடவென்று தட்டுகிறார். இடப்பக்கம் ரிக்ஷா வருகிறது, ஆள் இறங்குகிறார் என்பதையெல்லாம் அந்தத் தட்டல் டிரைவருக்குச் சொல்கிறது. ஒரே மனம் பார்த்து முடியாத தெருவை இரண்டு மனங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதை எவரும் அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுக்கவில்லை. மூன்ஸ்டர்பெர்க் பார்த்திருந்தால் அவருக்கு இன்னும் பன்னிரண்டு அட்டை தேவைப்பட்டிருக்கும்.

அவருக்கும் நம் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஹார்வர்டில் அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாதான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் மனோதத்துவத் துறையைத் தொடங்கி நடத்தியவர். ஆண்டு 1916, ஆசிரியர் மறைந்த அதே ஆண்டு. மின்சார டிராம் 1902-இலேயே ஓடத் தொடங்கிய நகரம் இது. தண்டவாளங்கள் இன்று பல தெருக்களில் தாருக்கடியில் கிடக்கின்றன. சென்குப்தா பின்னர் லக்னோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

அந்த லக்னோவில்தான் இன்று ரயில்வேயின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதில் மனோதத்துவப் பரிசோதனைக்கென்றே ஒரு பிரிவு உண்டு. உதவி லோகோ பைலட் வேலைக்குப் போட்டியிடுவோர் எழுத்துத் தேர்வில் தேறினால் போதாது. கவனம், நினைவு, தூரத்தைக் கணித்தல், கோடுகளைத் தொடர்ந்து செல்லுதல் முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் சோதிக்கும் பரிசோதனைகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும். ஊரில் நம் தம்பிமார் பலர் இதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்ஸ்டர்பெர்க்கின் கைப்பிடி போய்த் திரை வந்திருக்கிறது. கேட்கும் கேள்வி மாறவில்லை.

இதைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு வழி என்ன? ஜெர்மனியில் போக்குவரத்து மனோதத்துவர் என்பது ஒரு முழுத் தொழில். குடித்துவிட்டு ஓட்டி உரிமத்தை இழந்த பலர், மருத்துவ மனோதத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். நம் நாட்டில் அவ்வளவு வளரவில்லை. மனோதத்துவத்தில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. பட்டம் அடிப்படை, அதனுடன் புள்ளியியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் புள்ளியியலுக்குப் பயந்து மனோதத்துவத்துக்கு வருவோர் மிகுதி. டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் 1952 முதல் இயங்குகிறது; டில்லி ஐ.ஐ.டி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் பொறியியலாரே மிகுதி. மனத்தைப் படித்தவர்களுக்கு அவர்கள் நடுவில் நிறைய வேலை காத்திருக்கிறது. அட்டையை வரைந்து பார்க்க விரும்பும் நண்பர்கள் சங்க அறையில் என்னைக் கேட்டால் தருகிறேன். பன்னிரண்டில் ஏழுதான் இதுவரை வரைந்து முடித்திருக்கிறேன்.